நகரச் சுற்றுலாப் பணிக்கு முதலில் யாரை நியமிப்பது?

கேள்வி – வார்டு உறுப்பினர்

எங்கள் நகராட்சி முதல்முறையாகச் சுற்றுலாவுக்கென்று நிதி ஒதுக்கியிருக்கிறது. முழுநேர அலுவலர் ஒருவரை நியமிக்கலாம் என்கிறார் ஆணையர். வணிகர் சங்கத்திடம் ஒப்படையுங்கள் என்கிறார்கள் விடுதி உரிமையாளர்கள். விளம்பர நிறுவனம் ஒன்றும் ஒப்பந்தம் கேட்கிறது. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – தகவல் மைய முன்னாள் பொறுப்பாளர்

வணக்கம் அம்மா. முதல் சம்பளம் ஒரு ஒருங்கிணைப்பாளருக்குப் போகட்டும். அவர் நகராட்சி ஊழியராகவே இருக்கட்டும். பல ஆண்டுகள் தகவல் மையக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். விளம்பரம் போதவில்லை என்று எந்தப் பயணியும் என்னிடம் முறையிட்டதில்லை. கழிப்பறை பூட்டியிருக்கிறது, கடைசி பஸ் போய்விட்டது, வழிகாட்டிப் பலகையை நம்பிப் போனால் பாதை அடைத்திருக்கிறது என்றுதான் வந்து நிற்பார்கள். இதைச் சரிசெய்யச் சுகாதாரம், போக்குவரத்து, பொறியியல் என்று பிரிவு பிரிவாக ஏறி இறங்க வேண்டும். வெளி நிறுவனத்தின் ஆள் கடிதம் எழுதலாம், கோப்பை நகர்த்த முடியாது. ஆணையரை நேரில் பார்த்துப் பேசும் அதிகாரம் அந்தப் பதவிக்குக் கட்டாயம் வேண்டும்.

விளம்பரத்தை வெளியே கொடுங்கள், தவறில்லை. ஆனால் இணையதள முகவரி, சமூக ஊடகக் கணக்குகள், படங்களின் உரிமை அனைத்தும் நகராட்சியின் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நான் அறிந்த ஓர் ஊரில், ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனம் அத்தனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதில் – விடுதி உரிமையாளர்

சங்கத்தை இப்படி ஒதுக்குவது சரியா ஐயா? ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டே, 1993இல், பார்சிலோனாவில் மாநகராட்சியும் வர்த்தக சபையும் சேர்ந்துதானே சுற்றுலா அமைப்பைத் தொடங்கின? அறைகளை நிரப்பும் வித்தை எங்களுக்குத்தான் தெரியும்.

பதில் – தகவல் மைய முன்னாள் பொறுப்பாளர்

தெரியும் ஐயா, மறுக்கவில்லை. ஆலோசனைக் குழுவில் உங்களுக்கு இடம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அதே பார்சிலோனாவில் 2015இல் புதிய விடுதிகளுக்கு உரிமம் தருவதை மாநகராட்சி நிறுத்திவைத்தது. கூட்டம் தாங்காமல் குடியிருப்பவர்கள் கொதித்தெழுந்த நேரம் அது. ஆம்ஸ்டர்டாம் 2018இல், பயணிகள் படமெடுக்க முண்டியடித்த பெரிய எழுத்துச் சிற்பத்தை அருங்காட்சியகச் சதுக்கத்திலிருந்தே அகற்றியது. அறை நிரம்புவதை நம்பிப் பிழைக்கும் சங்கத்தால் இந்த முடிவுகளை எடுக்க முடியுமா?

கேள்வி – வார்டு உறுப்பினர்

தெளிவாகிறது ஐயா. அந்தப் பதவிக்கான சம்பளத்தை விடுதி வரியிலிருந்து கொடுக்கலாமா? வழிகாட்டத் தன்னார்வலர்கள் போதுமா?

பதில் – தகவல் மைய முன்னாள் பொறுப்பாளர்

சம்பளத்தைப் பொது நிதியில் வையுங்கள். விளம்பரச் செலவு வேண்டுமானால் விடுதி வரியில் போகட்டும். 2020இல் பயணம் நின்றபோது அந்த வரியை நம்பியிருந்த பல அமைப்புகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. தன்னார்வலர்கள் அருமையானவர்கள். நியூயார்க்கில் 1992 முதல் உள்ளூர்வாசிகளே பயணிகளைத் தங்கள் பகுதிகளுக்கு இலவசமாக அழைத்துச் சென்று காட்டிவந்தார்கள். ஆனால் யார் எந்த நாள் வருவார், வராவிட்டால் மாற்று யார் என்று பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். அதையும் அந்த ஒருங்கிணைப்பாளரின் பணிப்பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.