பழக்கத்தை மாற்றினால் போதுமா?

கேள்வி:
கிடங்கில் சுழற்சி ஷிஃப்ட் வேலை எனக்கு. நலப் பயிற்சி தர வந்தவர், "புகையை விடுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள்" என்றார். சரி, ஒரே அறை வீட்டில் பிள்ளைகள் விளையாடும்போது பகலில் எப்படித் தூங்குவது? மேலாளருக்கும் இதே அறிவுரைதான், ஆனால் அவருக்கு ஷிஃப்ட் கிடையாது. எல்லாம் பழக்கத்தால்தானா?

பதில் 1:
இல்லை. பிரிட்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், அரசு ஊழியர்களில் கீழ்நிலைப் பணியில் இருந்தவர்களிடம் இதய நோய் மரணம் அதிகம். புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

பதில் 2:
அதைச் சாக்காக வைத்துப் புகையைத் தொடராதீர்கள்! ஓவர்டைமையும் கவனியுங்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35% கூடுதல் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் 2021இல் கணித்தன.

பதில் 3:
அதே உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத் தரப் படிவத்தில் தூக்கத்தோடு பணம், வீடு, உறவு, போக்குவரத்தும் வருகின்றன. பயிற்சியாளர் அதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்டவர்:
புகையைக் குறைக்கிறேன். அப்புறம், ஷிஃப்ட் பட்டியலை முன்கூட்டியே தரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கப்போகிறோம்.