பள்ளி கம்ப்யூட்டர் லேப்பில் வைரஸ், அப்டேட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கணினி ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி, திருவண்ணாமலை மாவட்டம்:

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு நாலே நாள் இருந்தது. ஒரு பொண்ணு ஓடி வந்து, "மிஸ், என் பைத்தான் புரோகிராம் எல்லாம் போச்சு"ன்னு அழுதா. பென்டிரைவைப் போட்டுப் பார்த்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்குது. மத்தியானத்துக்குள்ள 20 சிஸ்டத்துல 14-ல அதே நிலைமை.

நல்ல வேளை, ஃபைல் எதுவும் அழியலை. இந்த வகை வைரஸ் ஃபோல்டரை மறைச்சுட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வைக்கும். கிளிக் பண்ணினா ஃபோல்டரும் திறக்கும், பின்னாடி வைரஸும் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. முதல்ல நெட்வொர்க் கேபிளைக் கழட்டினேன். ஒவ்வொரு சிஸ்டத்தையும் விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டரோட ஆஃப்லைன் ஸ்கேன்ல விட்டேன். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்ல ஆட்ரிப் கமாண்ட் கொடுத்து மறைஞ்சு கிடந்த ஃபோல்டர்களை வெளிய எடுத்தேன். ராத்திரி எட்டு மணி வரைக்கும் வாட்ச்மேன் அண்ணன் துணைக்கு இருந்தார். அந்தப் பொண்ணோட புரோகிராம் முழுசும் கிடைச்சது.

எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சப்பதான் மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. மாதிரித் தேர்வு வினாத்தாள் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டு வந்த எங்க ஸ்டாஃப் ரூம் பென்டிரைவ். அது தெரியாம காலையில எல்லாரும் பிள்ளைங்களைத் திட்டியிருந்தோம். லேப்லயும் தப்பு இருந்தது. எல்லா சிஸ்டமும், எதை வேணும்னாலும் மாத்த அனுமதி இருக்கிற அட்மின் அக்கவுண்ட்லயே, அதுவும் பாஸ்வேர்டு இல்லாம, ஓடிட்டு இருந்தது. டிரையல் முடிஞ்ச ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருந்ததால டிஃபெண்டரும் ஒதுங்கியே கிடந்தது.

இப்ப மாணவர்களுக்கு அந்த அனுமதி இல்லாத தனி ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். வெளிய போயிட்டு வந்த பென்டிரைவை ஸ்கேனுக்குன்னு ஒதுக்கின ஒரு சிஸ்டத்துலதான் முதல்ல செருகணும், ஹெச்.எம். கொண்டு வந்தாலும் அதேதான். உங்க பள்ளியில என்ன நடந்தது?

லேப் அசிஸ்டென்ட், மெட்ரிக் பள்ளி, மதுரை:

எங்க பிரச்சினை சின்னதுதான் மேடம், ஆனா கண்டுபிடிக்க மூணு மாசம் ஆச்சு. ஆறு சிஸ்டத்துல அப்டேட்டே இறங்காது. எந்த வெப்சைட் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. நெட் சரியில்லைன்னு ரெண்டு தடவை ஆளைக் கூட்டி வந்தாச்சு. கடைசியில மூலையில இருந்த தேதியைப் பார்த்தேன்: 2009 ஜனவரி 1. சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போவோம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து போனதால தேதி பின்னாடி போயிடுது. வெப்சைட் உண்மையானதுன்னு காட்டுற சான்றிதழுக்குத் தொடங்குற தேதி, முடியுற தேதி உண்டு. 2009-ல நிக்கிற கம்ப்யூட்டருக்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ், அதனால இணைப்பை ஏத்துக்காது. சிஆர் 2032 பட்டன் பேட்டரி ஆறு வாங்கிப் போட்டுத் தேதியைச் சரி பண்ணினதும் அன்னைக்கே அப்டேட் இறங்க ஆரம்பிச்சது.

ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர், கோவை:

2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை பரவினப்போ பள்ளிக்குக் கோடை விடுமுறை. அது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது, எங்கள் விண்டோஸ் 7 மெஷின்களில் நான் போடவில்லை. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு மெஷினிலிருந்து அடுத்ததுக்குத் தாவக்கூடியது வானாக்ரை. ஜூனில் லேப்பைத் திறந்ததும் ஒரு கேபிளையும் செருகாமல், டிவிடியில் எழுதி வந்த பேட்சை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆறு வருட மதிப்பெண் பட்டியலுக்கு வேறு காப்பியே கிடையாது என்று அன்றுதான் உறைத்தது. அப்போதிருந்து வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவேன். கழற்றுவதுதான் முக்கியம் அம்மா. செருகியே இருந்தால் வானாக்ரை மாதிரியானது அந்த டிஸ்கில் உள்ள ஃபைல்களையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஆசிரியை, தமிழ்வழிப் பள்ளி, இடுக்கி மாவட்டம்:

கேரள அரசுப் பள்ளிகள்ல விண்டோஸுக்குப் பதிலா, கைட் (மாநிலக் கல்வித்துறையோட தொழில்நுட்ப நிறுவனம்) தர்ற உபுண்டு சார்ந்த லினக்ஸ்தான். இந்த ஷார்ட்கட் வைரஸ் அதுல ஓடாது. ஆனா பென்டிரைவ்ல அப்படியே படுத்திருந்து என் வீட்டு விண்டோஸ் லேப்டாப்புக்கு வந்துடுச்சு. பிரவுசர் அப்டேட் எங்களுக்கும் அவசியம்.

கணினி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்:

எல்லாருக்கும் நன்றி. பேட்டரி விஷயத்தை நாளைக்கே பார்க்கிறேன். மாசத்தோட இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பேட்ச் வருது, அதனால அந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை அப்டேட்டுக்கு ஒதுக்கித் தரச் சொல்லி ஹெச்.எம்.கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்.

இடுக்கி டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவு முடிஞ்சது. டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி இல்லாததால எங்க பழைய சிஸ்டங்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. எட்டு சிஸ்டத்தை லினக்ஸுக்கு மாத்தலாம்னு இருக்கேன். யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில அடிச்ச பழைய வினாத்தாள்கள் அதுல ஒழுங்காத் திறக்குதா?