மறுமொழி: 'அன்இன்கார்ப்பரேட்டட் டெரிட்டரி'க்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நாளாக ஓடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினோடு நடந்த 1898 போரில் அமெரிக்கா பிடித்த தீவுகளைப் பற்றிய ஒரு நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், அதில் 'அன்இன்கார்ப்பரேட்டட் டெரிட்டரி' (அமெரிக்கா கைக்கொண்டும் தன் நாட்டுக்குள் சேர்க்காமல் வைத்திருக்கும் நிலம்) என்ற இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு இடத்தில் தவறாக வைத்துவிட்டால் நூல் முழுக்கத் தவறாகிவிடும்.

'இணைக்கப்படாத நிலப்பகுதி' என்று ஐயா சொன்னதுதான் இருப்பதில் எளிது, காதிலும் உறுத்தவில்லை. ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது ஐயா. கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவு இணைக்கப்பட்டதுதான். 1898 டிசம்பர் 10 பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் அதையும் பசிபிக்கிலுள்ள குவாம் தீவையும் விட்டுக்கொடுத்தது, 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு பிலிப்பைன்சையும் கொடுத்தது. படை இறங்கி, கொடி ஏறி, சுங்கத்தில் அமெரிக்க அதிகாரி உட்கார்ந்தும் ஆயிற்று. அதற்குப் பிறகும் 'இணைக்கப்படாத' என்று எழுதினால், இன்னும் யார் கைக்கும் போகாத தீவு போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'கூட்டிணைக்கப்படாத' என்பதில் வேறு சிக்கல், அது கம்பெனிப் பதிவுக்கான சொல். கடையைப் பதிவு செய்வதும் அன்றைக்குச் சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த தீவை என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் ஒன்றல்ல.

சரி, இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்த்தால் நமக்கு வழி கிடைக்கும். அது பிறந்தது ஆரஞ்சுப் பழத்தில். 1900 நவம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு ஆரஞ்சு வந்து இறங்குகிறது. வரவழைத்தவர் சாமுவேல் டவுன்ஸ் என்ற வணிகர். சுங்க அதிகாரி பிட்வெல் தீர்வை போடுகிறார், 659 டாலர் 35 சென்ட். தீவு அமெரிக்காவுடையது என்றால் ஃபுளோரிடா ஆரஞ்சுக்கு இல்லாத தீர்வை இதற்கு மட்டும் எதற்கு என்று கேட்டு, பணத்தை எதிர்ப்போடு கட்டிவிட்டு டவுன்ஸ் வழக்குப் போட்டார். நாடெங்கும் ஒரே சீரான தீர்வை என்கிறது அரசியலமைப்பு. 1898 உடன்படிக்கையிலேயே தீவு இவர்களுக்கு என்றாகிவிட்டது, அப்படியானால் அது 'நாடு' என்பதற்குள் இருக்கிறதா இல்லையா?

1901 மே 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தீர்ப்பு வந்தது, தீர்வை செல்லும். உடன்பட்ட நீதிபதிகளில் ஒருவரான எட்வர்ட் வைட் எழுதிய காரணத்திலிருந்துதான் நம் சொல் வருகிறது. பன்னாட்டுச் சட்டத்தின்படி புவேர்ட்டோ ரிக்கோ அயல்நாடு அல்ல, ஏனென்றால் அமெரிக்காவுக்கு உடைமை. ஆனால் உள்நாட்டுப் பொருளில் அது அயல், ஏனென்றால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதை நாட்டுக்குள் சேர்க்கவில்லை. இந்த வரியைத் தமிழாக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று. உலகத்தார் கேட்டால் எங்கள் வீடு, வீட்டுக்குள் கேட்டால் வெளியாள் என்பதுதான் அதன் சாரம்.

நால்வர் ஏற்கவில்லை. அவர்களில் ஜான் மார்ஷல் ஹார்லன் எழுதியதை நம் குழுவில் எல்லோரும் படிக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய சண்டையும் ஒரு கலைச்சொல் சண்டைதான். 'இன்கார்ப்பரேஷன்' என்ற இந்தக் கருத்தில் என் மனதுக்கு எட்டாத ஏதோ மறைபொருள் இருக்கிறது, அவிழ்க்க முடியாத மர்மம் அதைச் சூழ்ந்திருக்கிறது என்கிறார். தலைமை நீதிபதி ஃபுல்லர் இன்னும் நன்றாகச் சொன்னார்: காங்கிரஸ் நினைத்தால் ஒரு மாகாணத்தை உடலற்ற நிழலாக, இன்னதென்று சொல்ல முடியாத இடைநிலையில், கெடுவே இல்லாமல் வைத்திருக்கலாம் என்றாகிறது. தங்கள் தாய்மொழியிலேயே இவர்கள் இருவரும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார்கள் என்றால் நமக்கு மூன்று நாள் ஆனதில் வியப்பில்லை.

அதுவரை அப்படி ஒரு இடைநிலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1787 வடமேற்கு ஆணையிலிருந்து நடந்துவந்த வழக்கம் வேறு: புதிய நிலம் முதலில் ஆட்சிப்பகுதியாக இருக்கும், 60,000 சுதந்திர மக்கள் சேர்ந்ததும் மாநிலமாகக் கேட்கலாம். (அந்த மண்ணின் பழங்குடிகள் அந்தக் கணக்கில் இல்லை என்பது தனிக் கொடுமை.) 1898-இல் வேறு கணக்கு வந்தது. 1893 பொருளாதார நெருக்கடியில் அடிபட்ட தொழிற்சாலைகளுக்கு வெளியே சந்தை வேண்டும், கடற்படைக் கப்பல்களுக்கு வழியெங்கும் நிலக்கரி நிரப்பும் துறைமுகம் வேண்டும், ஆசிய வாணிகத்துக்கு மணிலா வேண்டும். ஆனால் அங்கிருக்கிற மக்கள் வேண்டாம். அவர்கள் வாக்களிப்பதும் வேண்டாம், அவர்களுடைய சர்க்கரையும் புகையிலையும் தீர்வையில்லாமல் வருவதும் வேண்டாம். தீர்ப்பை அறிவித்த நீதிபதி பிரவுன் மறைக்கவே இல்லை, வேற்று இனத்தார் வாழும் நிலங்களில் ஆங்கிலோ-சாக்ஸன் நெறிப்படி ஆள்வது சிறிது காலத்துக்கு முடியாமல் போகலாம் என்று எழுதினார். 1896-இல் ரயிலில் கறுப்பினத்தாருக்குத் தனிப்பெட்டி செல்லும் என்று எழுதியதும் இதே பிரவுன்தான், அப்போதும் எதிர்த்து எழுதியவர் ஹார்லன்தான்.

ஆக, நம் சொல்லில் இரண்டு செய்தி சேர்ந்து நிற்க வேண்டும்: எடுத்துக்கொண்டார்கள், உள்ளே விடவில்லை. இந்த இடத்தில்தான் அம்மா சொன்ன 'சேராப்புலம்' எனக்கு நெருடுகிறது. அழகான சொல், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 'சேரா' தன்வினை. ஏதோ தீவே சேர மாட்டேன் என்று ஒதுங்கி நின்றது போல ஆகிவிடுகிறது. சேர்க்காமல் விட்டது காங்கிரஸ். தமிழில் 'சேர்'வதும் 'சேர்ப்ப'தும் ஓர் எழுத்தில் ஆளை மாற்றிவிடும்போது அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

என் பரிந்துரை: உட்சேர்க்காத ஆள்புலம். 'இன்கார்ப்பரேஷன்' என்ற மூலச்சொல்லுக்கு 'உட்சேர்ப்பு', மறுபக்கத்துக்கு 'உட்சேர்த்த ஆள்புலம்'. 'இணைப்பு' என்பதை நிலத்தைக் கைக்கொண்டு தன்னுடையதாக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அப்போது "1898-இல் இணைத்தார்கள், இன்றுவரை உட்சேர்க்கவில்லை" என்று ஒரே வரியில் எழுத முடிகிறது, கதை முழுக்க அதில் வந்துவிடுகிறது. 'ஆள்புலம்' இலங்கை நண்பர் சொன்னது, அங்கே சட்டத் தமிழில் பழகிய சொல். நம் அரசியலமைப்புத் தமிழாக்கத்தில் 'ஆட்சிநிலவரை' இருக்கிறது, ஆனால் அதை அடைமொழியோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்குகிறது. 'பிரதேசம்' போட்டால் புதுச்சேரி நினைவு வந்துவிடும். புதுச்சேரிக்காரர் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார், அவருடைய உறுப்பினரும் அவையில் வாக்களிக்கிறார். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து போகிறவர் அவையில் பேசலாம், சட்டம் நிறைவேறும்போது வாக்களிக்க முடியாது. அங்கே குடியிருக்கிறவர் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது.

'காலனி என்றே எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே' என்று கேட்டவருக்கு: நடந்தது அதுதான், கட்டுரையில் நான் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் 'காலனி' என்று சொல்லாமல் தப்பிக்கத்தான் அவர்கள் இந்தச் சொல்லைச் செய்தார்கள், அந்தச் சூழ்ச்சி வாசகர் கண்ணில் பட வேண்டும் என்றால் சொல்லை அதன் உடையிலேயே கொண்டுவர வேண்டும். 1922-இல் ஹெசுஸ் பால்சாக் என்ற புவேர்ட்டோ ரிக்கோ பத்திரிகையாசிரியர் ஆளுநரைப் பழித்து எழுதிய வழக்கில் ஜூரி விசாரணை கேட்டார். 1917-லேயே அவர் ஊராருக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தாயிற்று. குடியுரிமை வேறு, உட்சேர்ப்பு வேறு, ஜூரி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட், பிலிப்பைன்சின் முதல் சிவில் ஆளுநராக இருந்தவர்! 2022-இல் வந்த வழக்கில், ஏழை முதியவருக்கும் ஊனமுற்றோருக்கும் ஒன்றிய அரசு தரும் ஒரு உதவித்தொகையைப் புவேர்ட்டோ ரிக்கோவில் வாழ்கிறவருக்கு மறுக்கலாம் என்று 8-க்கு 1 தீர்ப்பு. நீதிபதி கோர்சச் தீர்ப்போடு உடன்பட்டாலும், டவுன்ஸ் வழக்கு உள்ளிட்ட 1901 வழக்குகளுக்கு அரசியலமைப்பில் அடிப்படையே இல்லை, அவை இனம் பற்றிய பொய்க்கருத்துகளின் மேல் நிற்பவை என்று தனியாக எழுதினார். எழுதினாரே தவிர, அந்த வழக்குகள் இன்னும் நிற்கின்றன.

ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன், எதிர்ச்சொல்லைச் சோதிக்கும்போது கண்ணில் பட்டது. இன்று அமெரிக்காவிடம் 'உட்சேர்த்த ஆள்புலம்' ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பசிபிக்கில் பால்மைரா என்ற பவளத்தீவு. நிலையாகக் குடியிருப்பவர் யாரும் இல்லை. அரசியலமைப்பு முழுதாகச் செல்லும் ஒரே ஆள்புலத்தில் அதைப் பயன்படுத்த ஆள் இல்லை.

கடைசியாக, இதை ஒட்டி இன்னொரு சொல்லும் வேண்டும், இதற்கு என்னிடம் விடை இல்லை. பசிபிக்கில் அமெரிக்காவின் ஆட்சியிலுள்ள அமெரிக்க சமோவா தீவுகளில் பிறக்கிறவர்கள் பிறப்பால் 'நேஷனல்', ஆனால் 'சிட்டிசன்' அல்லர். அவர்களுடைய கடவுச்சீட்டில் அதையே ஒரு வரியாக அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். 'இதை வைத்திருப்பவர் அமெரிக்க நாட்டவர், அமெரிக்கக் குடிமகன் அல்லர்' என்று எழுதிப் பார்த்தேன். நாட்டவர் என்றாலே நமக்குக் குடிமகன்தானே, வாக்கியம் தனக்குத்தானே முட்டிக்கொள்கிறது. 'நாட்டுரியர்' என்று ஒன்று தோன்றியது. 'உரியர்' என்பதில் உரிமை உள்ளவர் என்ற பொருளும் வருகிறது, உடைமை என்ற பொருளும் வருகிறது, அதனால்தான் தயங்குகிறேன். வேறு தோன்றினால் எழுதுங்கள், அந்த அத்தியாயத்தை அதுவரை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்