‘ஆண்டுத்தொகை’யா, ‘ஆயுள் வருவாய்’ என்பதா?

கோத்தகிரியிலிருந்து:

சிறு தேயிலை விவசாயிகளுக்கும் ஓய்வுபெறும் எஸ்டேட் தொழிலாளர்களுக்குமான சேமிப்புக் கையேட்டில், அன்யுட்டிக்கு ‘ஆண்டுத்தொகை’ என்ற சொல் வேண்டாம் என்கிறேன். பணம் மாதாமாதமும் வரலாம், காலாண்டுக்கு ஒருமுறையும் வரலாம். ‘ஆயுள் வருவாய்’ என்றால் சொல்லிலேயே விளங்கிவிடும். அன்யுட்டி என்பது பிஎஃப், கிராஜுவிட்டி பணத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டு, உயிரோடு இருக்கும்வரை தவணையாகப் பெறுவது. பேங்க் டெபாசிட்டுக்கு இருப்பதுபோல இதற்கு முதிர்வுத் தேதி கிடையாது.

குன்னூரிலிருந்து:

ஏற்கிறேன் ஐயா. ஆனால் ஆள் இடையில் இறந்தாலும் 10 அல்லது 15 ஆண்டுக்கு உறுதியாகத் தந்து, அதன்பின் ஆள் இருக்கும்வரை தொடரும் வகையும் உண்டு. அதை ‘உறுதிக்கால ஆயுள் வருவாய்’ எனலாம்.

என் பெரிய கவலை வரைவில் உள்ள ‘கொள்முதல் விலை’. நம் பக்கம் அது ஃபேக்டரி பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குத் தரும் விலை, கைக்கு வரும் பணம். பாலிசியில் அது கையைவிட்டுப் போகும் பணம். ‘கட்டிய முதல்’ என்றே போடுங்கள், குழப்பம் வராது.

அதை வைத்தே மற்ற வகைகளையும் சொல்லிவிடலாம். 10 லட்சம் கட்டி, விகிதம் 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். மாதாமாதம் வாங்கினால் 5,833க்குச் சற்றுக் குறையும்; ஆண்டு முடியும் முன்பே பிரித்துத் தருகிறார்களே. ‘முதல் திரும்பும்’ வகையில், இறப்புக்குப் பின் அந்த 10 லட்சம் நாமினிக்குப் போகும். ‘முதல் திரும்பா’ வகையில் மாதத்தொகை கூடுதல், ஆனால் ஆள் போனதும் குடும்பத்துக்கு எதுவும் வராது. தொகை பெரிதாகத் தெரிகிறதே என்று இதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், வீட்டில் மனைவிக்குத் தெரிவதே இல்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் எடுப்பது ‘இணை ஆயுள்’ வகை; ஒருவர் இறந்தாலும் மற்றவருக்குத் தொடரும். வாங்கியபின் வகையை மாற்ற முடியாது. பிடிக்கவில்லை என்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

‘கட்டிய முதல்’ இருக்கட்டும். கட்டியதும் வருவாய் தொடங்கும் இமீடியட், சில ஆண்டு கழித்துத் தொடங்கும் டெஃபர்டு இரண்டுக்கும் ‘உடன் தொடங்கும்’, ‘பின் தொடங்கும்’ போதும். ‘ஒத்திவைத்த’ என்றால் பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று பதறுவார்கள்.

தொகை ஏறாத வகைக்கு ‘மாறா வருவாய்’ என்று பெயர் வைத்து, கீழேயே ஒரு வரி சேர்க்கிறேன்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டில் இந்தப் பணம் பாதிச் சாமான்தான் வாங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பாலிசித் தாளில் உள்ள ஆங்கிலச் சொல்லையும் அச்சிடுவோம். ஏஜென்ட் நீட்டும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.