ஏழைகளுக்கான காசு கர்ப்பகால ஆலோசனை நிலையங்களுக்குப் போகலாமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
மச்சாள் டெக்சாஸில் இருக்கிறா. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கான ‘டானிஃப்’ (TANF) என்ற அமெரிக்க மத்திய அரசின் உதவிக் காசில் ஒரு பங்கை, கருக்கலைப்பை எதிர்க்கும் கர்ப்பகால ஆலோசனை நிலையங்களுக்கு மாநிலமே கொடுக்கிறதாம். பம்பர்ஸும் புத்திமதியும் கிடைக்குமாம். இது எந்த ஊர் நியாயம்?

பதில் 1:
சட்டத்திலேயே வழி இருக்கிறது, தம்பி. 1996இல் டானிஃப் வந்தபோது நோக்கம் நான்கு வைத்தார்கள். திருமணத்துக்கு வெளியே கர்ப்பமாவதைக் குறைப்பது அதில் ஒன்று. மாநிலங்கள் அதைத்தான் காட்டுகின்றன. 2023இல் பைடன் அரசு இதை இறுக்க ஒரு விதி முன்வைத்தது, நிறைவேறவில்லை.

பதில் 2 (அக்கரைப்பற்று):
கர்ப்பமான பிறகு வருகிறவளுக்குப் பம்பர்ஸ் கொடுத்தால் கர்ப்பம் எப்படிக் குறையும்? எனக்கு விளங்கவில்லை. என் மகளுக்கு ஏழாம் மாதம் கால் வீங்கியது. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் பிரஷர் பார்த்து, சிறுநீர் சோதித்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. திரிபோஷா சத்துமாவும் அங்கேதான். ஆனால் டெக்சாஸின் அந்த நிலையங்கள் பலவற்றில் டாக்டரே இல்லையாம்.

கேட்டவர்:
சரி அக்கா, ஆனால் மச்சாளின் சிநேகிதிக்குத் தொட்டில் தந்தது அந்த நிலையம்தானாம்.

பதில் 2:
தரட்டும், நல்லது. தொட்டிலை நன்கொடைக் காசில் வாங்கட்டும். அரசுக் காசை அந்தத் தாயின் கையில் கொடுக்கட்டும்.