டெக்சாஸ் கவுண்டிக் கணக்கு மாதிரி நம்ம மாவட்டங்களுக்கும் போட முடியுமா?

பாளை மாணவி:
எம்.ஏ. ப்ராஜெக்டுக்காக அமெரிக்க சென்சஸ் அட்டவணை ஒன்றை எடுத்தேன். டெக்சாஸின் 254 கவுண்டிகளுக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி), வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் போனவர்களைக் கழித்து, ஆயிரம் பேருக்கு இத்தனை என்று விகிதம் இருக்கிறது. என் சித்தப்பா காலின் கவுண்டியில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறார். அவரும் இதில் வருவாரா? திருநெல்வேலி, தென்காசிக்கு இதுபோல் போட எதை எடுக்கலாம்?

மேலப்பாளையத்தான்:
சித்தப்பா ஊரிலிருந்து நேராக ஃபிரிஸ்கோவுக்கா போனார்? முதலில் ஹூஸ்டனில் இறங்கி, ரெண்டு வருஷம் கழித்து இடம் மாறியிருந்தால், ஹாரிஸ் கவுண்டிக்குத்தான் அவர் வெளிநாட்டு வரவு. காலினுக்கு உள்நாட்டு வரவு. நம்ம ஆட்கள் எங்கே நிறைய இருக்கிறார்கள் என்று இந்த விகிதத்தை வைத்துச் சொல்ல முடியாதும்மா. அந்த வருஷம் எங்கே வந்து இறங்கினார்கள் என்பதுதான் தெரியும். கல்லூரி ஊர்கள் மேலே வருவதும் இதனால்தான், வெளிநாட்டு மாணவர்களும் கணக்கில் சேர்த்தி.

சின்னக் கவுண்டிகளை நம்பிவிடாதே. லவ்விங் கவுண்டியில் 2020இல் மொத்தமே 64 பேர். அங்கே நாலு பேர் குடும்பம் ஒன்று போய் இறங்கினால் விகிதம் 60ஐத் தாண்டும். ஹாரிஸில் 47 லட்சம் பேர். அதே விகிதம் வர கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் வர வேண்டும்.

நம்ம பக்கம் கதையே வேறு. இங்கே போனவர்கள் கணக்குத்தான் வேண்டும், ஆனால் வெளிநாட்டில் இருப்பவரை நம்ம சென்சஸ் எண்ணுவதே இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு தரும் குடிபெயர்வு அனுமதிக் கணக்கை எடுக்கலாம் என்பார்கள். பத்தாவது தேறியவருக்கு அந்த அனுமதியே தேவையில்லை, அப்புறம் எப்படி முழுக்கணக்கு வரும்? திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 2015இல் வீடு வீடாகக் கேட்டு எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வைப் பார். மாநிலம் முழுக்க 22 லட்சம் பேர் வெளிநாட்டில் என்று வந்தது.

தென்காசிக்காரன்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. 2015 ஆய்வில் திருநெல்வேலி என்றால் பழைய மாவட்டம். தென்காசி பிரிந்தது 2019இல்தான், எங்க கடையநல்லூர் வளைகுடாக்காரர்கள் எல்லாரும் உங்க கணக்கில்தான் இருக்கிறார்கள். 2011 சென்சஸின் 30.77 லட்சம் மக்கள்தொகையும் பிரிக்காத மாவட்டத்துக்கு. அந்த ஆய்வு எண்ணை இந்த மக்கள்தொகையால் வகுத்தால் சரி. மேலே பழைய மாவட்டம், கீழே புது மாவட்டம் என்று வகுத்துவிடாதீங்க.

பாளை மாணவி:
அப்போ தென்காசிக்குத் தனியாக வேண்டுமென்றால் நானே வீடு வீடாகக் கேட்க வேண்டியதுதானா, அண்ணாச்சி?

மேலப்பாளையத்தான்:
ஒரு வார்டு மட்டும் எடும்மா, போதும். குடும்பத்தோடு போய்விட்ட வீடு பூட்டிக் கிடக்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. பக்கத்து வீட்டில் கேட்டுத் தனியாகக் குறித்துக்கொள். நோன்புப் பெருநாள் சமயத்தில் போகாதே. லீவில் வந்திருப்பவர்களையும் உள்ளூர்க்காரர்களாக எழுதிவிடுவாய்.