அப்பாவுக்குப் பொட்டாசியம் 6.1. இளநீரை நிறுத்தினால் போதுமா?

தேனிமகள்
அப்பாவுக்கு 67 வயது. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உண்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.1. பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் போடுகிறார். கால் வீக்கத்துக்குப் போன மாதம் ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தார்கள். இன்று ரத்தம் கொடுத்ததில் பொட்டாசியம் 6.1. எங்கள் டாக்டர் நாளை மறுநாள்தான் வருவார். அப்பா நன்றாகத்தான் நடமாடுகிறார், காலில் அசதி என்கிறார், அவ்வளவுதான். வெயிலுக்குத் தினமும் இளநீர் குடிப்பார். அதை நிறுத்தினால் இறங்கிவிடுமா?

டயாலிசிஸ்நர்ஸ்
தங்கச்சி, நாளை மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இசிஜி எடுத்து, உடனே சிகிச்சையும் கொடுக்கக்கூடிய மருத்துவமனைக்கு இப்போதே கூட்டிப் போங்கள். சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. 6-ஐத் தாண்டிவிட்டால் ஆள் தெம்பாக இருக்கிறாரா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிரித்துப் பேசிக்கொண்டே நடந்து வந்தவருக்கு இசிஜியில் டி அலை கூர்மையாக எழும்பி நின்றதை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். அடுத்த கட்டம் துடிப்பே தாறுமாறாவதுதான்.

ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி நீட்டச் சொன்னாலோ, குழாயில் ரத்த அணுக்கள் உடைந்தாலோ பொய்யாகவும் கூடும். அதனால் மறுபடி எடுப்பார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு, அதுவும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும் இரண்டு மாத்திரைகள் ஓடும்போது, பொய்யாக இருக்கும் என்று நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. அடுத்த வேளை மாத்திரை போடும் முன் அங்கேயே கேளுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது போட்டாரா என்பதையும் சொல்லுங்கள்.

இசிஜியில் மாற்றம் இருந்தால் முதலில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும். அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின், சிலருக்கு சால்பூட்டமால் நெபுலைசர். இவை பொட்டாசியத்தை அணுக்களுக்குள் தள்ளும், ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். உடம்பை விட்டே வெளியேற்ற, சிறுநீர் பிரிய வைக்கும் மருந்து, குடலில் பிடித்து மலத்தோடு கொண்டுபோகும் பவுடர், எதற்கும் மசியாவிட்டால் டயாலிசிஸ். இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை தாழ்ந்துபோகும், சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னும் அதிகமாக. அடிக்கடி குத்திப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

கோவைக்காரன்
என் அம்மாவும் சிறுநீரக நோயாளிதான். வீட்டில் 'சோடியம் குறைந்த உப்பு' இருக்கிறதா பாருங்கள். பிரஷருக்கு நல்லது என்று வாங்குவோம், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் எங்கள் வீட்டில் அளவோடுதான். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் தாளிப்போம்.

தேனிமகள்
நேற்றே கூட்டிப் போய்விட்டோம். மறுபடி எடுத்ததில் 6.3, இசிஜியிலும் மாற்றம் இருந்தது. கால்சியம், இன்சுலின் இரண்டும் போட்டார்கள். இன்று காலை 5.2. ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்திவிட்டு, பவுடர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உப்பு எங்கள் அடுப்படியிலும் இருந்தது அண்ணா, பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு என்றே போட்டிருக்கிறது. அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் நாளை வரை இருந்திருப்போம். 5.2 வந்ததால் இனி பயமில்லையா?

டயாலிசிஸ்நர்ஸ்
நல்லவேளை போனீர்கள்! ஆனால் இன்சுலின் வேகம் அடங்கியதும் திரும்ப ஏறலாம். டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தபின் எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பவுடரால் மலச்சிக்கல் வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டெல்மிசார்ட்டான் தொடர வேண்டுமா, எந்த அளவில் என்பதையும் கேட்காமல் கிளம்பாதீர்கள்.